உங்களுக்குத் தெரியுமா? – புருவம் நெரிந்தால் கோபம்தானா?

காலையில் கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் படகுக்குக் காத்து நிற்பவர்களின் முகத்தைப் பாருங்கள். அத்தனை பேரும் சண்டைக்குத் தயாரானவர்கள் போலிருப்பார்கள். யார் மேலும் கோபமில்லை. கிழக்கே கடல், எதிரே சூரியன், தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். புருவம் தானாக இறங்கிக் கண்ணுக்குக் கூரை போடுகிறது.

◆ அந்தக் கூரையை இறக்குவது புருவத்தின் உள்முனையில் இருக்கும் ஒரு குட்டித் தசை. பெயர்தான் நீளம்: காருகேட்டர் சூப்பர்சிலி. அது சுருங்கினால் நடு நெற்றியில் நெட்டுக்கோடு விழும். மூக்கின் மேட்டில் உள்ள புரோசீரஸ் தசையும் சேர்ந்துகொண்டால் குறுக்குக்கோடும் விழும். இரண்டையும் இயக்குவது மூளையிலிருந்து வரும் ஏழாம் நரம்பு.

◆ வெயிலுக்குச் சுளித்த முகம் மனசையும் சற்றுச் சுளிக்க வைக்குமாம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்த்து நடந்தவர்கள், கண்ணாடி போட்டவர்களையும் வெயிலுக்கு முதுகு காட்டி நடந்தவர்களையும் விடக் கூடுதலாக எரிச்சலை உணர்ந்ததாகச் சொன்னார்கள். மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் எரிந்து விழுகிறவர்களுக்கு நல்ல சாக்கு.

◆ ‘நெரிந்த புருவம்’ என்று நாம் ஒன்றாகச் சொல்வதை மூன்றாகப் பிரித்தவர் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர். பூலோன் என்ற மீன்பிடித் துறைமுகத்தில், கடலோடிகள் குடும்பத்தில் பிறந்தவர். முகத்தின் ஒவ்வொரு தசையாக மின்சாரம் பாய்ச்சி, என்ன பாவம் தெரிகிறது என்று புகைப்படம் எடுத்தார். அவருக்கு அதிகம் கைகொடுத்தவர் பல் போன ஒரு கிழவர். அவர் முகத்தில் உணர்ச்சி மரத்திருந்ததால் வலி தெரியவில்லை. 1862-இல் புத்தகம் வந்தது. (அப்போது கோட்டுச்சேரியும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது.) கண்ணைச் சுற்றிய தசையின் மேல்பாதிக்கு அவர் வைத்த பெயர் ‘சிந்தனைத் தசை’. புரோசீரஸுக்கு ‘ஆக்ரோஷத் தசை’. காருகேட்டருக்கு ‘வலியின் தசை’. எல்லாமே புருவத்தைச் சுற்றி ஓரிரு அங்குலத்துக்குள்தான். எதிராளி எதைச் சுருக்குகிறார் என்று தூரத்திலிருந்து நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

◆ துஷேனின் படங்களைத் தம் நூலில் எடுத்தாண்ட டார்வின், ‘சிந்தனைத் தசை’ விஷயத்தில் அவரோடு ஒத்துப்போகவில்லை. உலகம் முழுக்கக் கேள்வித்தாள் அனுப்பி, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூடப் பதில் வாங்கி, 1872-இல் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதினார். ஆழ்ந்து யோசிக்கிறவனின் நெற்றி வழவழப்பாகத்தான் இருக்கும், யோசனையில் ஒரு முட்டுக்கட்டை வந்தால்தான் புருவம் நெரியும் என்பது அவர் கட்சி. என் ஓட்டு டார்வினுக்கே. மீன் ஏலத்துக் கணக்குப் போடுகிறவரைக் கவனியுங்கள். தொகை சரியாக வரும்வரை முகம் சாதாரணமாக இருக்கும், பத்து ரூபாய் இடித்தால் போதும். திக்கிப் பேசுகிறவர்கள் பேசும்போது புருவம் சுருக்குவதையும் டார்வின் குறித்திருக்கிறார். அவர்கள் யாரையும் முறைக்கவில்லை, சொல் சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

◆ முகபாவம் என்பது பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதா? 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்ஸில் ஜூடோ வீரர்களின் முகங்களைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர்களும் வெற்றி தோல்விக்கு மற்றவர்களைப் போலவே முகத்தசைகளை அசைத்தார்கள். இன்னொருவர் முகத்தை ஒருநாளும் பார்த்திராதவர்கள்!

◆ நாட்டிய சாஸ்திரத்தில் புருவ அசைவு ஏழு வகை. கோபத்துக்குரியது ப்ருகுடி. அதில் புருவத்தின் அடியை மேலே ஏற்ற வேண்டும். நிஜக் கோபத்தில் புருவம் கீழே இறங்கும். மேடையில் மேலே போகிறது. புராணத்தில் இன்னும் ஒரு படி மேலே: தேவி மாகாத்மியத்தில் காளி பிறப்பதே சினத்தில் நெரிந்த தேவியின் நெற்றியிலிருந்துதான்.

◆ கட்டி முடியாத வீட்டின் முன்னால் தொங்கும் திருஷ்டி பொம்மைக்குப் பயங்கரத்தைத் தருவது கோரைப்பல் என்றா நினைக்கிறீர்கள்? மூக்கை நோக்கிச் சரியும் அந்தப் புருவங்களை நேர்கோடாக மாற்றி வரைந்து பாருங்கள். பூதம் அசடு வழியும்.

◆ குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71-ஆவது அரசனின் முகக்குறிப்பை அறிய. 110-ஆவது காதலியின் குறிப்பை அறிய. முதலாவதில் தப்பினால் வேலை போகும், இரண்டாவதில் என்ன போகும் என்பதை அனுபவஸ்தர்கள் சொல்லட்டும்.

◆ “சிரிக்க 17 தசை, முகம் சுளிக்க 43 தசை” என்று பள்ளிக்கூடச் சுவரிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறதே, அதற்கு உடற்கூற்றியலில் ஆதாரம் கிடையாது. எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருப்பதிலிருந்தே தெரியவில்லையா?

◆ நெற்றிக்கோட்டைப் போக்கும் போடாக்ஸ் ஊசி தற்செயலாகக் கிடைத்தது. கனடாவில் ஒரு கண் மருத்துவர், கண்ணிமைத் துடிப்புக்கு அதைப் போட்டுக்கொண்டிருந்தார். புருவ நடுவிலிருந்த கோடும் மறைவதைக் கண்டதும் தோல் மருத்துவரான கணவரோடு சேர்ந்து ஆராய்ந்து 1992-இல் கட்டுரை வெளியிட்டார். அந்தக் கோட்டுக்காகவே 2002-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மருந்து தசையைச் செயலிழக்கச் செய்வதால் கோபம் வந்தாலும் முகத்தில் ஏறாது. மூன்று நான்கு மாதம்தான் கணக்கு. அப்புறம் பழைய சிடுமூஞ்சி திரும்பிவிடும்.