கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று ஏன் சாகிறது, தெரியுமா?

பாதி டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே படக்கென்று நீலத் திரை! அதுகூட இல்லாமல் தானாகவே ரீஸ்டார்ட்! தி.நகராக இருந்தாலும் அடையாறாக இருந்தாலும் மெக்கானிக் வந்ததும் சொல்வது ஒன்றேதான்: “ஃபார்மட் அடிச்சிடலாம் சார்.” கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸ் பாவம், பல நேரம் குற்றவாளி அது இல்லை.

கண் சிமிட்டும் நேரம்கூட வேண்டாம், அதற்கும் குறைவாகக் கரண்ட் போனாலே கம்ப்யூட்டர் செத்துவிடும், தெரியுமா? நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அடிக்கிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. கேபினெட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். தன் சேமிப்பை வைத்து முழுச் சுமையில் தாக்குப்பிடிப்பதோ சுமார் 16 மில்லிநொடி. ஒரே ஒரு சுற்று விட்டுப்போனால் ஆட்டம் க்ளோஸ்! ட்யூப்லைட் சிமிட்டியதை நீங்கள் பார்த்திருக்கக்கூட மாட்டீர்கள். “அதான் இன்வெர்ட்டர் இருக்கே?” என்பீர்கள். பல இன்வெர்ட்டர்களில் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு: ஒரு பக்கம் ‘யூபிஎஸ்’, இன்னொரு பக்கம் ‘நார்மல்’. ஃபேனுக்கும் லைட்டுக்கும் நார்மல் போதும். ஆனால் அதில் பேட்டரிக்கு மாறச் சற்று நேரமாகும். கம்ப்யூட்டர் அதுவரை காத்திருக்காது. இந்த சுவிட்சைப் பார்க்காமல் வைரஸைத் தேடுகிற வீடுகள் எத்தனையோ!

கேபினெட்டில் புறங்கை பட்டால் சுருக்கென்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எர்த் துண்டித்திருந்தால், எஸ்.எம்.பி.எஸ். வாசலில் உள்ள ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்கள் அந்தத் தகரப் பெட்டியையே ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கவிடும்! கசிவு சிறியதுதான். ஆனால் பிரிண்டரையோ டிவியையோ செருகும் அந்தக் கணத்தில் போர்ட் வழியாகப் பாயும். முன்பெல்லாம் எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு, கோடையில் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றுவார்கள். இன்றைய அபார்ட்மென்ட்டில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனுக்காவது தெரியுமா? எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த குற்றவாளியின் பெயரைக் கேட்டால் மயிலாப்பூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்து வரும் அந்த அழுகல் முட்டை வாடை இருக்கிறதே, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது மதர்போர்டையும் தின்னும்! பூஜை அறை வெள்ளி விளக்கைக் கறுக்க வைக்கும் வாயு அதுதான். 2006 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் எலெக்ட்ரானிக்ஸில் ஈயத்துக்குத் தடை போட்டது. ஈயப் பூச்சுக்குப் பதிலாகச் சிலர் போர்டுகளில் மெல்லிய வெள்ளிப் பூச்சுக்கு மாறினார்கள். கந்தகக் காற்றும் ஈரப்பதமும் சேர்ந்தால் தாமிர சல்ஃபைடு கரும்படலமாகப் படர்ந்து, பக்கத்துக் கம்பியைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். மாதத்துக்கு 200 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாக வெள்ளி அரித்தால்தான் எலெக்ட்ரானிக்ஸுக்கு ஏற்ற காற்று என்கிறது சர்வதேச அளவுகோல். ஆங்ஸ்ட்ராம் என்றால் சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு! கால்வாய் போதாதென்று கடலின் உப்புக் காற்று வேறு.

அதனால்தான் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டின் வைத்தியத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ஊதி, ‘டக்’ என்று இரண்டு பக்கக் கொக்கியும் விழும்வரை அழுத்துவார்கள். பலமுறை பிழைத்துக்கொள்ளும்! படலம் போகிறது, தொடர்பு திரும்புகிறது. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மைக்ரான் கணக்கு. மாதாமாதம் தேய்த்தால் தங்கமும் சேர்ந்து போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி நல்லது.

மே மாத மதியத்தில் மட்டும் சாகிறதா? வெப்பம்தான், ஃபேன் தூசியைத் தட்டுங்கள். சென்னை 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்ட ஊர். பல ப்ராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கினால் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் தானே அணைந்துவிடும்.

ப்ராசஸரே குற்றவாளியாக இருந்த கதையும் உண்டு. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சிலவற்றுக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ப் பழுதாகின்றன என்று இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, வாரண்டியை 2 ஆண்டு கூட்டியது. நூறு முறை ஃபார்மட் அடித்தாலும் அது சரியாகுமா?

ஒரு பாட்டு லேப்டாப்பைக் கொன்றிருக்கிறது, நம்புவீர்களா? ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’! அந்தப் பாட்டின் ஓர் அதிர்வெண், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் அந்தக் கால ஹார்ட் டிஸ்க்கின் இயல்பு அதிர்வோடு ஒத்துப்போக, பாட்டைப் போடாத பக்கத்து லேப்டாப்பும் சேர்ந்து விழுந்தது. 2022-இல் இதைச் சொன்னவர் மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென். எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்கள் தைரியமாக மார்கழிக் கச்சேரி கேட்கலாம்.

விண்வெளியிலிருந்தும் அடி விழும்! 2003-இல் பெல்ஜியத்தில் ஸ்கார்பீக் நகரில் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. 2-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண். வேறு காரணம் அகப்படாமல், காஸ்மிக் கதிர் ஓட்டுப்பதிவு கம்ப்யூட்டரில் ஒரு பிட்டைப் புரட்டியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். ஆனால் சென்னைக்காரர் நட்சத்திரங்கள் மேல் பழி போட முடியாது. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. கதிர்களைப் பூமியின் காந்தப்புலம் மிக வலுவாகத் தடுக்கும் பகுதிகளில் தென்னிந்தியாவும் ஒன்று. நாமோ கடல் மட்டத்தில் வேறு!

சரி, குற்றவாளியை எப்படிப் பிடிப்பது? விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று பார்த்துப் பதறாதீர்கள். ‘ஒழுங்காக ஷட்டௌன் ஆகவில்லை’ என்பதற்கு மேல் அது பல நேரம் ஒன்றும் சொல்வதில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள். ரேமுக்குப் பல கம்பெனிகள் நீண்ட வாரண்டி தருகின்றன, ஆனால் பில் கேட்பார்கள். கடையில் தரும் தெர்மல் பேப்பர் பில் சென்னைச் சூட்டில் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.