பாம்புக்கு வேண்டியது பாலா, தண்ணீரா?

ஆடி மாதம் வந்துவிட்டால் நம் ஊர்ப் புற்றுகளுக்கெல்லாம் யோகம்தான். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் பால் செம்புமாக வருகிறார்கள். புற்றின் வாயில் பாலை வார்க்கிறார்கள். முட்டை வைக்கிறார்கள். மன நிறைவோடு வீடு திரும்புகிறார்கள்.

உண்மையில் பாம்பு பால் குடிக்குமா?

"ஏன் குடிக்காது? என் கண்ணாலேயே பார்த்தேனே!" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய் அல்ல. பாம்பாட்டியின் கூடையிலிருந்து வந்த நல்ல பாம்பு, கிண்ணத்துப் பாலில் வாயை வைத்துக் குடிப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூடைக்குள் அதற்கு முன்பு நடந்ததை அவர்கள் பார்க்கவில்லை!

கூடைக்குள் நடந்த கொடுமை

வட நாட்டில் நாக பஞ்சமி பெரிய திருநாள். அன்று பாம்புக்குப் பால் கொடுத்தால் புண்ணியம் என்பது நம்பிக்கை. பாம்பாட்டிக்கும் நல்ல வரும்படி. ஆகவே பாம்பு பால் குடித்தே ஆக வேண்டும்! அதற்கு ஓர் உபாயம் செய்வார்கள். பண்டிகைக்குப் பல நாட்களுக்கு முன்பே பாம்பைப் பிடித்து, பல்லைப் பிடுங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் காட்டாமல் அடைத்துவிடுவார்கள்.

தாகத்தால் நாக்கு வறண்டு கிடக்கும் பிராணி, முன்னால் எதை வைத்தாலும் குடிக்கத்தானே செய்யும்? பாலாக இருந்தால் என்ன, வேறு எதுவாக இருந்தால் என்ன? அது பாலைக் குடிக்கவில்லை. தண்ணீர் என்று நினைத்து எதையோ குடிக்கிறது.

பால் என்பது குட்டிக்குப் பாலூட்டும் பிராணிகளின் உணவு. பாம்புக் குஞ்சு தாயிடம் பால் குடித்து வளர்வதில்லை. பாலைச் செரிக்கும் சக்தியும் பாம்பின் வயிற்றுக்குக் கிடையாது. பண்டிகை முடிந்ததும் பல பாம்புகள் செத்துப்போகின்றன. "பாம்புக்குப் பால் வார்த்தாலும் விஷத்தைத்தான் கக்கும்" என்பார்கள். உண்மையோ தலைகீழ். பால்தான் பாம்புக்கு விஷம்!

நாக்கால் நக்குவதில்லை

சரி, பாம்பு தண்ணீரை எப்படிக் குடிக்கிறது? நாய், பூனை போல நாக்கால் நக்கிக் குடிப்பதில்லை. பிளவுபட்ட அந்த நாக்கு மோப்பம் பிடிப்பதற்காக ஏற்பட்டது. நம்மைப் போல உறிஞ்சுவதற்குக் கன்னமும் அதற்கு இல்லை.

வாய் ஓரத்தைத் தண்ணீரில் வைத்தபடி அசையாமல் இருக்கும். தாடை மட்டும் மெல்ல மெல்ல அசையும். தண்ணீர் குறைந்துகொண்டே வரும்!

இந்த விந்தையை அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கண்டால் என்ற விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்தார்கள். 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். தன் தலையைவிடப் பெரிய இரையை விழுங்குவதற்காகப் பாம்பின் கீழ்த்தாடை வெகுவாக விரியும் அல்லவா? அதற்கு வசதியாக வாயின் உட்புறத்தில் மடிப்பு மடிப்பாகத் தசை இருக்கிறது. அந்த மடிப்புகளே கடற்பஞ்சு போலத் தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. தாடை மூடும்போது பஞ்சு பிழியப்படுகிறது. தண்ணீர் தொண்டைக்குள் போகிறது. இரை விழுங்க அமைந்த வாயே தண்ணீர் குடிக்கவும் உதவுகிறது!

மழையைக் குடிக்கும் பாம்புகள்

பாம்பு சிறுநீரைக்கூட வீணாக்குவதில்லை. உடம்பின் கழிவை வெண்ணிறக் குழம்பாகவே வெளியேற்றுகிறது. தின்னும் எலியின் உடம்பிலிருந்தும் அதற்குத் தண்ணீர் கிடைக்கிறது. ஆனாலும் அது போதாது.

அமெரிக்கப் பாலைவனத்துக் கிலுகிலுப்பைப் பாம்பு, மழை வந்தால் வட்டமாகச் சுருண்டு படுத்துக்கொள்ளும். தன் உடம்பையே கிண்ணமாக்கி, அதில் சேரும் தண்ணீரைக் குடிக்கும். ஆப்பிரிக்காவின் நமீபு பாலைவனத்தில் ஒரு சிறு விரியன், தன் செதில்களில் படியும் மூடுபனித் துளிகளைக் குடித்து உயிர் வாழ்கிறது.

கடல் பாம்பின் கதை இன்னும் விசித்திரம். மஞ்சள் வயிற்றுக் கடல் பாம்பு வாழ்நாள் முழுவதும் கடலிலேயே இருக்கிறது. கடல் தண்ணீரையே குடிக்கும் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தார்கள். புளோரிடா பல்கலைக்கழகத்து ஹார்வி லில்லிஒயிட் குழுவினர் கோஸ்டாரிகா நாட்டுக் கடலில் ஆராய்ந்து, 2014-இல் உண்மையைச் சொன்னார்கள். எவ்வளவு தாகம் எடுத்தாலும் அது உப்புத் தண்ணீரைத் தொடுவதில்லை. மாதக்கணக்கில் தாகத்தோடு மழைக்காகக் காத்திருக்கிறது!

கண்ணாடிப் பெட்டியில்

காட்டுப் பாம்பு தண்ணீரைத் தேடிப் போகும். அடைபட்ட பாம்பு எங்கே போகும்?

மேல்நாடுகளில் நாய் பூனை போலப் பாம்பு வளர்க்கிறவர்கள் ஏராளம். பயந்தால் பந்தாகச் சுருளும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பும், அமெரிக்காவின் சோளப் பாம்பும் அவர்களுக்குச் செல்லப் பிராணிகள். எலி கொடுக்க மறந்தாலும் சில நாள் தாங்கும். தண்ணீர் வைக்க மறந்தால் ஆபத்து. குளிர் காலத்தில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தால் காற்றே உலர்ந்துவிடும். அப்போது ஆபத்து இன்னும் அதிகம்.

பாம்பு "தாகம்" என்று குரல் கொடுக்காது. அதன் சட்டைதான் பேசும். நல்ல சுகத்தோடு உள்ள பாம்பின் சட்டை, கால் உறையைக் கழற்றியது போல முழுசாக உரியும். தண்ணீரோ ஈரக் காற்றோ போதாத பாம்புக்குத் துண்டு துண்டாகக் கிழியும். கண்ணின் மேலுள்ள மெல்லிய தோலும் கழன்று வராமல் ஒட்டிக்கொள்ளும். உடம்பில் சுருக்கம் விழும்.

ஆகவே கனமான, கவிழாத கிண்ணத்தில் தினமும் புதுத் தண்ணீர் வைக்கிறார்கள். மரத்தில் வாழும் சில பாம்புகள் கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்காது. அவற்றுக்கு இலைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். சொட்டும் துளியைத்தான் அவை குடிக்கும்.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டில் நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்றவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூடைப் பாம்புக்குக் காசு போடுவது அந்தக் குற்றத்துக்குத் துணை போவதாகும்.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அடிக்கவும் வேண்டாம், பால் வைக்கவும் வேண்டாம். எட்ட நின்று பார்த்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லி அனுப்புங்கள். கொடும் கோடையானால், தாகம்தான் அதைக் கிணற்றடிக்குக் கொண்டு வந்திருக்கும்.

பக்தி அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஆனால் அடுத்த முறை ஒரு பாம்பு பால் குடிப்பதைப் பார்த்தால், கை கூப்பும் முன்பு ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அதற்கு எத்தனை நாள் தாகமோ?