மூலிகைத் தூளும் முயல் வயிறும்

பிறந்த முயல்குட்டிக்கு உடலில் முடியில்லை, கண்ணும் திறக்கவில்லை. எடை சுமார் 50 கிராம். தாய் பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஒரு முறைதான் பெட்டிக்குள் வருகிறது. மூன்று, நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டு வெளியேறிவிடுகிறது. அதற்குள் காம்பைப் பிடிக்காத குட்டி மறுநாள் வரை பட்டினிதான்.

ஹிமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் அங்கோரா முயல் வளர்ப்பவர்களுக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். எட்டுக் குட்டி ஈன்றது பெரிதல்ல. ஆறு வாரம் கழித்து எத்தனை மிஞ்சுகின்றன என்பதுதான் கணக்கு. இந்தக் கவலையைக் குறிவைத்தே 'பால் பெருக்கி' மூலிகைத் தூள்கள் வருகின்றன. பெரும்பாலும் தண்ணீர்விட்டான் கிழங்கு (வடக்கே சதாவர்), வெந்தயம், சோம்பு ஆகியவற்றின் கலவை. பிரசவித்த பெண்களுக்கும் பிறகு பசு, எருமைக்கும் கொடுத்துப் பழகிய சரக்கு. மாட்டுக்கு எழுதிய அளவை உடல் எடையால் வகுத்து முயலுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. கணக்கு சரி, வயிறு வேறு.

முயலின் செரிமானம் பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள குடல்பையில் வாழும் நுண்ணுயிர்களை நம்பியிருக்கிறது. அங்கே உருவாகும் மென்மையான புழுக்கையை முயல் தானே திரும்பத் தின்று சத்தை எடுத்துக்கொள்கிறது. ஆம்பிசிலின், லின்கோமைசின் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தால் இந்த நுண்ணுயிர்கள் குலைந்து முயல் சாகவும் கூடும். மூலிகை மீது நாட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தவிர, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் நிறுத்தியது. கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2019-ல் தடை விதித்தது.

ஆனால் பால் தூளிலிருந்து சுரப்பதில்லை. முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. சுரப்பு உச்சத்தைத் தொடும் மூன்றாவது வாரத்தில் தாய்க்கு நல்ல அடர்தீவனம், நார்ச்சத்து, தாராளமான தண்ணீர் எல்லாம் வேண்டும். குலுவின் தை மாதக் குளிரில் தண்ணீர்க் கிண்ணம் உறைந்து கிடந்தால் எந்தச் சதாவரும் உதவாது.

முருங்கை இலையின் கதை வேறு. உலர்ந்த இலையில் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் புரதம்; அது மருந்தாக அல்ல, தீவனமாகவே பலன் தருகிறது. மலைப்பகுதியில் அந்த இடத்தைக் குதிரைமசால் பிடிக்கிறது. சூபாபுல் இலையும் புரதம் மிக்கதுதான். ஆனால் அதிலுள்ள மிமோசின் அளவு மீறினால் முடியைக் கொட்டச் செய்யும். ரோமத்துக்காகவே வளர்க்கும் முயலுக்கு இதைவிட மோசமான தீவனம் வேறென்ன?

இன்னொரு சிக்கல்: 18, 20 நாளில் குட்டிகள் தாயின் தீவனத்தைக் கொறிக்கத் தொடங்குகின்றன. தாய்க்கென்று கலந்த தூள் குட்டியின் பக்குவப்படாத வயிற்றுக்கும் போகிறது. பால் மறக்கும் சமயத்தில் தாக்கும் காக்சிடியோசிஸ் கழிச்சலுக்குப் பூண்டை நம்புகிறவர்கள் பலர். கூண்டுச் சுத்தத்துக்கும் கால்நடை மருத்துவர் தரும் மருந்துக்கும் அது மாற்றாகாது.

தூள் வாங்குமுன் செய்யக்கூடிய செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. காலையில் பெட்டியைத் திறந்து குட்டிகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வயிறு உருண்டு, மெல்லிய தோலுக்கடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கியிருந்தால் தாயைப் பிடித்து உட்காரவைத்து அந்தக் குட்டியை முதலில் காம்பில் விட வேண்டும்.