கல்லாய்த் தோன்றும் கடற்றாவரம்

உடுப்பிட்டியிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றால், சிறிது தொலைவிலேயே வல்வெட்டித்துறைக் கடற்கரை வந்துவிடும். வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இத்தகைய கரைகளில், கடல் வற்றும் வேளை முருகைக்கற்களைக் கூர்ந்து நோக்கினால், இளஞ்சிவப்புச் சாயம் பூசினாற்போல மெல்லிய படையொன்று காணப்படும். நகத்தாற் சுரண்டினாலும் அது பெயராது. கல்லின் நிறமே அதுவென்று பலரும் எண்ணுவர். ஆனால், அது சிவப்பு அல்கா வகையைச் சேர்ந்த உயிருள்ள தாவரம். கடல்நீரிலிருந்து பெறும் சுண்ணாம்பைத் தன் கலச்சுவர்களிற் படிவித்துக் கல்லைப்போல இறுகிவிடுகின்றது.

இதன் தோற்றம் அறிஞரையும் மயக்கியது. இதன் இனத்தவற்றை இலினேயசு விலங்குகளோடு சேர்த்திருந்தார். கல்லைப்போன்ற இவையும் தாவரங்களே என்பதை 1837இல் பிலிப்பி என்னும் ஜெர்மானிய அறிஞர் நிறுவினார். பின்னர் நோர்வே நாட்டுப் பொஸ்லி, மாலைதீவு, இலட்சத்தீவுக் கடல்களிற் சேகரிக்கப்பட்டவற்றை ஆராய்ந்து 1903இல் எழுதினார்.

இவற்றைப் புறத்தோற்றங்கொண்டு வகுத்தல் இயலாது. ஓரினமே ஓரிடத்தில் வழவழப்பாகவும், மற்றோரிடத்தில் முண்டும் முடிச்சுமாகவும் வளரும். வேறு வேறு இனங்கள் ஒன்றுபோலத் தோன்றுதலும் உண்டு. ஆகவே, அகத்தையே ஆராய வேண்டும். சிறு துண்டொன்றை மென்மையான அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்பைக் கரைப்பர். எஞ்சிய மெல்லுடலை மிக மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்ப்பர்.

அங்கே இரண்டு கேள்விகள் முதன்மையானவை. அடுத்தடுத்த இழைகளின் கலங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றனவா, அன்றி நுண்குழிகளால் மட்டும் இணைந்திருக்கின்றனவா என்பது ஒன்று. நான்கு நான்காக வித்திகள் தோன்றும் அறையின் கூரையில் ஒரு துளையா, பல துளைகளா என்பது மற்றொன்று. ஒரு துளையுடையவை கோரலினேலிசு வருணத்தையும், பல துளையுடையவை ஹபலிடியேலிசு வருணத்தையும் சாரும். பொது அறையின்றி, ஒவ்வொரு வித்திப் பைக்கும் தனித்தனிச் சுண்ணாம்புக் கூடு அமைந்தவை ஸ்போரோலிதேலிசு எனப்படும்.

நுணுக்குக்காட்டிக்கும் எல்லையுண்டு. நியூகினிப் பகுதியிலிருந்து 1897இல் விவரிக்கப்பட்ட ஓரினம் இன்று போரோலிதன் ஒங்கோடிசு எனப்படுகின்றது. வெப்பக் கடல்கள் பலவற்றிலும் அது வாழ்வதாக நெடுங்காலம் நம்பினர். மூலமாதிரியின் டி.என்.ஏ.வைக் கொண்டு நடத்திய ஆய்வு, அப்பெயருக்குள் பல இனங்கள் மறைந்திருந்தமையை 2018இல் வெளிப்படுத்தியது.

பெயரில் இத்துணை நுட்பம் எதற்கு என வினவலாம். முருகைத் துண்டுகளைச் சாந்துபோல ஒட்டி, அலைகளைத் தாங்கும் அரணாக்குபவை இவ்வல்காக்கள். முருகை உயிர்களின் இளங்குடம்பிகள் பல குடியேற இடந்தேடுவதும் இவற்றின்மேலேதான். இவற்றின் சுண்ணாம்பில் மகனீசியம் மிகுதியாதலின், கடல்நீர் அமிலத்தன்மை அடையுந்தோறும் இவை எளிதிற் பாதிக்கப்படும். எந்த இனம் தாங்கும், எது அழியும் என்று அறிய வேண்டுமாயின், முதலில் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளாதிருத்தல் வேண்டும். கரையைக் காக்கும் உயிரை இன்னதென்று அறியாமல், அதனைக் காப்பது எங்ஙனம்?