வீடு திரும்பும்போது தரப்படும் மருந்துப் பட்டியல்: சரிபார்ப்பது ஏன் அவசியம்?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியிடம் வழங்கப்படும் 'டிஸ்சார்ஜ் சம்மரி'யில் இடம்பெறும் மருந்துப் பட்டியல், அடுத்த சில வாரங்களுக்கு அவரது சிகிச்சையையே தீர்மானிக்கிறது. அதில் ஒரு வரி விடுபட்டாலோ, இருமுறை இடம்பெற்றாலோ நோயாளி மீண்டும் மருத்துவமனைக்கு வர நேரிடலாம்.

மருந்துப் பிழைகளால் ஏற்படும் கடுமையான பாதிப்புகளைக் குறைக்கும் நோக்கில் உலக சுகாதார அமைப்பு 2017-ஆம் ஆண்டு உலகளாவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. நோயாளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்தின் பராமரிப்புக்கு மாறும் தருணம், அதில் முன்னுரிமை பெற்ற மூன்று களங்களுள் ஒன்றாகும்.

பிழைகள் பெரும்பாலும் இரு வகைகளில் நேர்கின்றன. முதலாவது, விடுபடுதல். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அறுவை சிகிச்சைக்கு முன்பு தற்காலிகமாக நிறுத்தப்படுவதுண்டு. அதை மீண்டும் எப்போது தொடங்குவது என்று பட்டியலில் குறிப்பிடாவிட்டால், ரத்தக்கட்டு உருவாகும் அபாயம் உள்ளது.

இரண்டாவது, இரட்டிப்பு. இந்தியாவில் ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையை ஏற்கெனவே ஒரு பெயரில் உட்கொள்பவருக்கு, மருத்துவமனையில் அதே மருந்து வேறு பெயரில் எழுதித் தரப்படலாம். இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையக்கூடும். மருந்துகளைப் பொதுப்பெயரில், தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ஆம் ஆண்டு விதி வகுத்ததன் முக்கியத்துவம் இங்குதான் புலப்படுகிறது.

இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுவது ஒப்பீட்டு முறை. நோயாளி வீட்டில் உட்கொண்டவை, மருத்துவமனையில் அளிக்கப்பட்டவை, இனி தொடர வேண்டியவை ஆகிய மூன்றும் அருகருகே வைத்துச் சரிபார்க்கப்படுகின்றன. ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே 'தொடர்க', 'அளவு மாற்றப்பட்டது', 'நிறுத்துக', 'புதியது' என்ற குறிப்பும் அதற்கான காரணமும் எழுதப்பட வேண்டும்.

குடும்பத்தினரும் இதில் பங்காற்றலாம். வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உள்பட, மருத்துவமனையில் சேர்க்கும்போதே காட்ட வேண்டும். புறப்படும் முன், பழைய மருந்துகளில் எவற்றைத் தொடர வேண்டும், எவற்றை நிறுத்த வேண்டும் என்று கேட்டுத் தெளிவு பெற வேண்டும். மருத்துவரைக் கேளாமல் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது.

மருந்துகளால் பக்கவிளைவு ஏற்பட்டால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பொதுமக்களும் தெரிவிக்கலாம்.