பிள்ளை படிக்கக் கேட்கும் பெற்றோர்

அறிவு முதியோரிடமிருந்து இளையோருக்குச் செல்லுதலே உலக வழக்கு. இவ்வழக்கு மாறுதலும் உண்டு என்பதைச் சைவமரபு நன்கறியும். மைந்தன் தந்தைக்குப் பிரணவப் பொருளை உபதேசித்த தலமாகச் சுவாமிமலை போற்றப்படுகின்றது. விரைந்து மாறும் சமுதாயத்தில் முதியோர் இளையோரிடமிருந்து கற்கும் நிலை தோன்றும் என அமெரிக்க மானிடவியலறிஞர் மார்கரெட் மீட் 1970ஆம் ஆண்டு எழுதினார். அந்நிலையை இன்று ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களின் லயன் வீடுகளில் நாளும் காண்கின்றோம்.

கொழுந்தெடுத்து மாலையில் வீடு திரும்பும் தாய், கைத்தொலைபேசியில் வந்த செய்தியை மகளிடம் நீட்டுகின்றாள். மகள் படிக்கின்றாள்; தாய் கேட்கின்றாள். 2020 மார்ச்சில் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் இக்கருவி வழியே வந்தன. அலைவரிசை எட்டாத இடங்களிற் பிள்ளைகள் மேடுகளைத் தேடி ஏறினர். 2022இல் எரிபொருள் பெறுதற்குக் கியூஆர் குறியீடு வேண்டப்பட்டது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவிப்பணம் வங்கிக் கணக்கிற்குச் செல்கின்றது. இவ்வாறு ஒவ்வொரு புது முறையும் வருந்தோறும் வீட்டுப் பிள்ளையின் பொறுப்பும் வளர்ந்துள்ளது.

பிள்ளைகள் இதில் வல்லவராதற்குக் காரணம் யாது? 2001ஆம் ஆண்டில் மார்க் பிரென்ஸ்கி என்னும் அமெரிக்க எழுத்தாளர், இளையோரை எண்ணியல் உலகின் சுதேசிகள் என்றும், முதியோரை அங்குக் குடியேறியோர் என்றும் பிரித்தார். பல தலைமுறை இம்மண்ணில் உழைத்தும் குடியேறியோர் என்றே குறிக்கப்பட்ட மலையக மக்கள், இத்தகைய பெயர்களை எளிதில் ஏற்றல் தகாது. திறமை பிறப்பால் வருவதன்று. 1999இல் சுகதா மித்ரா புதுதில்லியின் கால்காஜியில், குடிசைப் பகுதியை நோக்கிய சுவரொன்றிற் கணினியைப் பதித்து வைத்தார். சிறுவர் ஆசிரியரின்றியே அதனை இயக்கப் பழகினர். ஓய்வும், பிழை செய்ய அஞ்சாமையும், கூடிப் பழகும் தோழரும் அவர்க்கு இருந்தமை இதற்குத் துணையாயிற்று. பகலெல்லாம் மலைச்சரிவில் நிற்கும் தாய்க்கோ ஓய்வில்லை. கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய கருவி பழுதாகிவிடுமோ என்னும் அச்சமும் உண்டு. கல்வியை இடையில் நிறுத்த நேர்ந்தவளாயின் எழுத்தும் அவளுக்குத் தடையாகும். ஆகவே குறை அவளது அறிவில் இல்லை, வாய்ப்பில் உள்ளது.

படிப்பவர் கையில் வாழ்வு தங்கியிருத்தல் மலையகத்துக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்கீழ் ஆதாரப் பத்திரங்களுடன் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பங்களுட் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோதும் பத்திரமே விதியாயிற்று. எழுத்தறியாதார் பிறர் எழுதியதிற் கைந்நாட்டு வைத்தனர். இன்று படித்துச் சொல்பவர் அயலார் அல்லர், பெற்ற பிள்ளையே. இது பெரும் நன்மை.

ஆயினும் படிப்பவர் பிள்ளை என்பதை நாம் மறத்தலாகாது. வீட்டுக் கைத்தொலைபேசியை ஒழுங்குசெய்து கொடுத்தவர் யார் என்று எனது வகுப்பில் ஒருநாள் கேட்டேன். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. “நிபந்தனைகளை ஏற்கின்றேன்” என்னுமிடத்தை அழுத்துமுன் அவற்றைப் படித்தவர் யார் என்று கேட்டேன். ஒரு கையேனும் உயரவில்லை. பரிசு விழுந்துள்ளது, வந்த இரகசிய இலக்கத்தைக் கூறுக எனச் செய்தி வந்தால், மகிழ்ந்து கூறிவிடும் பிள்ளைகள் உளர். விரல் கற்றது வேறு, விவேகம் வேறு.

அவ்விவேகம் தாயிடம் இருக்கின்றது. தராசில் தன் கொழுந்தின் நிறையைக் கூர்ந்து நோக்குபவள் அவள். கழிக்கப்பட்ட கிலோவுக்குக் காரணம் கேட்பவளும் அவளே. கேட்பவன் யார், எதற்காகக் கேட்கின்றான், தருவதால் நமக்கு என்ன குறையும் என்னும் வினாக்கள் அவளுக்குப் பழகியவை. கருவியைக் கண்டு அஞ்சி அவள் விலகுங்கால், அவ்வினாக்களும் வீட்டைவிட்டு விலகுகின்றன.

ஆதலின், செய்தியை முழுவதும் உரக்கப் படித்தலும், பெற்றோர் பொருளுணர்ந்து இசைந்த பின்னரே அழுத்துதலும் வீட்டு வழக்கமாக வேண்டும். ஆசிரியராகிய நாம் பெற்றோர் கூட்டங்களிற் பிள்ளையையும் தாயையும் அருகருகே இருத்தி இதனைப் பழக்கலாம். மைந்தனிடம் உபதேசம் கேட்டதால் இறைவன் தந்தைமையை இழந்தானில்லை. மகள் படிக்கக் கேட்கும் தாயும் தாய்மையின் பொறுப்பை மகளிடம் விட்டுவிட வேண்டுவதில்லை.