ஏறி உட்கார்ந்தால் எத்தனை மில்லிமீட்டர்?

புதுக்கோட்டை டவுனைச் சீரமைத்தவர் 19-ம் நூற்றாண்டு திவான் சேஷய்ய சாஸ்திரி. ஸ்பீட் பிரேக்கர் போட்டது அவரில்லை ஸார்... பின்னால் வந்தவர்கள்! திருமயம், அன்னவாசல் பக்கமிருந்து தினம் பைக்கில் ஆபீஸ் வருகிறவர்களின் மணிக்கட்டைக் கேட்டால் சொல்லும்.

"அண்ணே, முன் ஷாக் ரொம்ப அமுங்குது. கெட்டி ஆயிலா ஊத்துங்க!" என்று மெக்கானிக்கிடம் போய் நிற்போம். அவரும் ஊற்றுவார். ஆனால், ஆயில் கவனிப்பது ஃபோர்க் எவ்வளவு வேகமாக அமுங்கி எழுகிறது என்பதை. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் எவ்வளவு இறங்குகிறது என்பது ஸ்ப்ரிங்கின் டிபார்ட்மென்ட். இந்த இறக்கத்துக்குப் பெயர் 'ஸாக்'.

இறங்கவே கூடாது என்று நினைக்க வேண்டாம். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே போய்த் தரையைத் தொட வேண்டாமா? அதற்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். ரொம்ப இறங்கினாலும் வம்பு. முன் பிரேக்கைப் பிடித்ததும் மிச்சமும் அமுங்கிவிடும். அந்த நேரம் பார்த்துக் குழி வந்தால், 'டங்'! டயர் பிடி விட்டுவிடும். செம்மண் சரளை என்றால் கேட்கவே வேண்டாம்.

அளப்பது பி.காம். கணக்குதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தை ஒரு நண்பரை அமுக்கச் சொல்லுங்கள். முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, ஆக்ஸில் நடுவிலிருந்து மேலே ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப் வரை டேப் வையுங்கள். இது ஓப்பனிங் பேலன்ஸ். பிறகு ஸ்டாண்டை எடுத்து, ஹெல்மெட், டிபன் பை சகிதம் ஏறி, கால்களை ஃபுட்ரெஸ்ட்டில் வையுங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அளக்கட்டும். ஹாண்டில்பாரை அமுக்கி மெதுவாக விட்டு ஒருதரம். தூக்கி மெதுவாக விட்டு ஒருதரம். ஸீல் உரசுவதால் இரண்டும் ஒத்துப்போகாது. சராசரிதான் க்ளோஸிங் பேலன்ஸ். வித்தியாசம்தான் ஸாக்.

ரோட்டு வண்டிக்கு, ஃபோர்க் மொத்தம் அமுங்கும் தூரத்தில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம். 2021-ல் புதுசாக வந்த கிளாஸிக் 350-க்கு மொத்தம் 130 மில்லிமீட்டர். ஆக, 33 முதல் 43.

திருமயத்து நண்பர் ஒருவர். எடை 95 கிலோ. அவருடைய கிளாஸிக்கில் 52 வந்தது! "மாப்ளே, டேப்பு தப்பா இருக்கும்டா" என்றார். டெய்லரிடம் வேறு டேப் வாங்கி வந்தோம். அதுவும் 52.

நம் ஊர் வண்டிகள் பலவற்றில் முன் ஸ்ப்ரிங்கைத் திருக ஸ்க்ரூ கிடையாது. ஃபோர்க் மூடிக்கும் ஸ்ப்ரிங்குக்கும் நடுவே குழாய்த்துண்டு வைப்பதுதான் வழி. இரு காலிலும் 10 மில்லிமீட்டர் கூட்டினால் ஸாக் 10 குறையும். ஸ்ப்ரிங் கெட்டியாகாது, வண்டி உயரும், அவ்வளவே. கூடுதலாக 20, 25 தேவைப்பட்டால் ஸ்ப்ரிங்கையே மாற்றுங்கள். துண்டு நீளமானால் ஸ்ப்ரிங் சுற்றுகள் ஒன்றையொன்று முட்டும்.

அளப்பது வீட்டு வாசலில் போதும். மூடி திறப்பதை மெக்கானிக்கிடம் விடுங்கள். உள்ளே ஸ்ப்ரிங் அழுத்தம் இருப்பதால் மூடி விருட்டென்று முகத்துக்கே வரும். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துத்தான் திறக்க வேண்டும்.

மனைவியைப் பின்னால் ஏற்றினால் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்துக்குப் போய்விடும். அதற்குப் பின் ஷாக்கின் வளையத்தைத் திருகுங்கள், முன்னால் கை வைக்காதீர்கள்.

நண்பருக்கு 10 மில்லிமீட்டர் துண்டு வைத்தாயிற்று. இப்போது 42. போன வாரத்திலிருந்து காலையில் வாக்கிங் போகிறாராம். தொப்பை கரைந்தால் மறுபடி டேப் எடுக்க வேண்டும்.